சொன்னதைத் திருப்பிச் சொல்லாம கால் எடுக்காதே

எங்க வீட்டுக்காரரும் அக்கா வீட்டுக்காரரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை கொடுக்க ஆரம்பிச்ச அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு, இந்தக் குடும்பம் உருப்படாதுன்னு.

அதுக்கு முன்னாடி அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மரியாதைங்கற பேச்சே கிடையாது. "வாடா தடியா"ன்னு ஒருத்தர் சொல்லுவார், "வாடா தடியா"ன்னு இன்னொருத்தர் சொல்லுவார். அதுதான் காலை வணக்கம். கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரே கண்ணாடிக் கடையில ஒண்ணா வேலை பார்த்தவங்க. ஒருத்தர் எங்க அக்காவைக் கட்டிக்கிட்டார். கட்டிக்கிட்ட கையோட, "எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கான், முன்கோபி, ஆனா தங்கமானவன்"னு சொல்லி என்னை இன்னொருத்தர் தலையில கட்டிட்டார். முன்கோபிங்கறது கல்யாணத்தன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. தங்கத்தை இன்னும் உரசிப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அக்கா வீட்டுக்காரரை நான் மாமான்னு கூப்பிடுவேன். அவங்க ரெண்டு பேருக்கும் சகலை முறை. சந்தோஷமா இருந்தா "சகலை", கோபமா இருந்தா "டேய்", ரொம்பக் கோபமா இருந்தா ரெண்டும் சேர்ந்து வரும்.

அப்புறம் சொந்தமா கடை போட்டாங்க. வீடும் ஒண்ணுதான், கீழே அவங்க, மேலே நாங்க. கடையில வெட்டுற வேலை என்னுது. கண்ணாடி வெட்டறதுக்குப் பலம் வேண்டாம், கோடு போடுற கை நடுங்காம இருந்தா போதும். எனக்கு நடுங்காது. தூக்குறதும் பொருத்துறதும் அவங்க பாடு.

பெரிய கண்ணாடி தூக்குறதுக்கு ஒரு சட்டம் இருக்கு. ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடி நின்னு, கண்ணாடியை நிறுத்தின மாதிரியே தூக்கிட்டுப் போகணும். முன்னாடி போறவருக்கு வழி தெரியும். பின்னாடி வர்றவருக்குக் கண்ணாடியும் அதுல தன்னோட மூஞ்சியும்தான் தெரியும், கால் வைக்கிற இடம் தெரியாது. அதனால முன்னாடி போறவர் "படி", "வாசல்", "வளைவு"ன்னு சொல்லிக்கிட்டே போகணும். பின்னாடி வர்றவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். திருப்பிச் சொன்ன சத்தம் காதுல விழுந்தாதான் முன்னாடி இருக்கிறவர் அடுத்த காலை எடுத்து வைக்கலாம். தலையை ஆட்டினா செல்லாது, ஊம் கொட்டினா செல்லாது. பழைய கடையில இந்தச் சட்டத்தை மதிக்காத ஒருத்தருக்கு விரல் போச்சு. அதைக் கண்ணால பார்த்ததால, இவங்க ரெண்டு பேருக்கும் இது ரத்தத்துல ஊறிப்போச்சு. சாப்பிடும்போது மாமா "தண்ணி"ன்னு கேட்டா, எங்க வீட்டுக்காரர் "தண்ணி"ன்னு சொல்லிட்டுத்தான் டம்ளரை நகர்த்துவார். புதுசா பார்க்கிறவங்க பைத்தியங்கன்னு நினைச்சுக்குவாங்க. முழுசா தப்புன்னு சொல்ல முடியாது.

அப்புறம் வந்துச்சு தேர்தல். கட்சிகளை நீலம், மஞ்சள்னு வச்சுக்குவோம். நிஜப் பேரைச் சொன்னா இதைப் படிக்கிற உங்க வீட்டுலயும் ரெண்டு தட்டு பறக்கும். எங்க வீட்டுக்காரர் நீலம், மாமா மஞ்சள். நான் எதுன்னு யாரும் கேக்கலை. ஓட்டுச்சாவடிக்கு நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன்னு நினைச்சாங்க போல.

முன்னாடியும் தேர்தல் வந்திருக்கு, சண்டையும் வந்திருக்கு. ஆனா அப்போ எல்லாம் வாயாலதான் சண்டை. கத்துவாங்க, தொண்டை வறண்டுடும், டீ குடிப்பாங்க, டீ உள்ளே போனதும் எதுக்குக் கத்தினோம்னு மறந்துடும். இந்த வாட்டி போன்ல ஆரம்பிச்சாங்க. போன்ல தொண்டை வறளாது. அதுதான் வினை.

எங்க வீட்டுக்காரர் தன்னோட படத்தை எடுத்துட்டு நீலக் கட்சித் தலைவரோட படத்தை வச்சுக்கிட்டார். அவர் கூப்பிடும்போதெல்லாம் என் போன்ல தலைவர் கையை ஆட்டிக்கிட்டுச் சிரிப்பார். எடுத்தா, "பால் இருக்கா, வாங்கிட்டு வரவா?"ன்னு கேப்பார். அந்தத் தலைவர் மக்களோட தேவையைக் கேட்டறிஞ்சது எனக்குத் தெரிஞ்சு அப்போ மட்டும்தான். மாமா மட்டும் லேசுப்பட்டவரா? காலையில பல்லு விளக்குறதுக்கு முன்னாடி மஞ்சள் கட்சிச் செய்தி நாலு அனுப்பிடுவார். அனுப்பறதுக்கு முன்னாடி படிப்பாரான்னு அக்காகிட்ட கேட்டேன். "அவர் எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த தேர்தல் வந்துடும்"னா.

ஓட்டு எண்ணினாங்க. நீலம் ஜெயிச்சுது. மாமா பேசாம படுத்துத் தூங்கியிருக்கலாம். நாக்குல சனி யாரை விட்டுது? குடும்பக் குழுவுல, "நாடு நாசமாகப் போகிறது, வாழ்த்துகள்"னு போட்டார். எங்க வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல கோபம். பதிலுக்கு எழுதினார்: "உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நாடு இத்தனை நாளா நாசமாப் போச்சு."

கீழே இருந்து பதிலே வரலை. வழக்கமா ஒரு செருப்பாவது வரும். அக்கா அப்புறம் சொன்னா, மாமா போனைக் கையில வச்சுக்கிட்டு அதே வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டிருந்தாராம். "டேய் முட்டாள்னு எழுதியிருந்தா பேசாம இருந்திருப்பேன்"னாராம். "அவனுக்குப் பொண்ணு பார்த்தவன் நான். அவங்க அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ கட்டிலுக்குக் கீழே பேப்பரை விரிச்சுப் படுத்துக் கிடந்தவன் நான். நான் எப்படி 'ஆளுங்க' ஆனேன்?"

அதைக் கேட்டுட்டு அப்படியே மாடி ஏறினேன். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "நான் பொதுவா எழுதினேன்"னார். பொதுவா எழுதினாராம். ரெண்டே வீடு இருக்கிற குழுவுல பொது எங்கேர்ந்து வந்துச்சு?

மறுநாள் காலையில மாமா கடைக்கு வந்தார். வாசல்ல நின்னு, "வணக்கம், நல்லா இருக்கீங்களா?"ன்னார். எங்க வீட்டுக்காரர், "நல்லா இருக்கேங்க, நீங்க?"ன்னார். என் கோடு அன்னைக்குத்தான் முதல் முதலா கோணலாப் போச்சு.

மாமா என்கிட்ட வந்து மெதுவா சொன்னார். "மாசக் கடைசியோட நான் விலகிக்கிறேன்மா. வேற பக்கம் ஒரு வீடும் பார்த்திருக்கேன். கையில இருக்கிற வேலையை எல்லாம் முடிச்சுக் கொடுத்துடறேன். அவருக்கு என்னால சங்கடம் வேண்டாம்." அவருக்காம்.

மாமா போனா வேற ஆளைப் போட்டுக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். எங்க வீட்டுக்காரர் குணத்துக்கு, கண்ணாடியோட மறுமுனையைப் பிடிக்க இந்த உலகத்துல பிறந்த ஒரே ஜீவன் மாமாதான். கடையை விடுங்க, பசியில்லாம எப்படியாவது பிழைச்சுக்குவோம். மாமா வீடு மாறினா அக்காவும் போவா. ஜன்னல் வழியா எட்டி "அடியே, உப்பு இருக்கா?"ன்னு கேக்கறதுக்கு ஆள் இருக்க மாட்டா. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, "போறவங்களை யார் பிடிச்சு வச்சிருக்கா?"ன்னார். சொல்லிட்டு மாடிப்படியில நின்னு கீழ் வீட்டு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார். என்னன்னு கேட்டா, காத்து வாங்கறாராம்.

அந்த மாசம் பூரா நான்தான் அவங்களுக்கு வாய். கண்ணாடியைத் தூக்கும்போது நான் பக்கத்துலயே ஓடணும். முன்னாடி போற மாமா என்கிட்ட, "படி இருக்குன்னு அவர்கிட்ட சொல்லும்மா"ன்னுவார். நான் "படி"ன்னுவேன். பின்னாடி வர்றவர், "படின்னு நான் திருப்பிச் சொல்லிட்டேன்னு அவர்கிட்ட சொல்லு"ன்னுவார். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. அதுலயும் எங்க வீட்டுக்காரர் இருக்காரே, மூச்சு வாங்கிக்கிட்டே "தயவுசெய்து சொல்லு"ன்னு சேர்த்துக்குவார். கண்ணாடியைவிட அந்தத் தயவுசெய்துதான் கனமா இருந்துச்சு.

அக்கா பொண்ணு ஒரு ஆபீஸ்ல வேலை பார்க்கிறா. அங்கேயும் தேர்தலுக்கப்புறம் ஒரே ரகளையாம். ஆளாளுக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தாங்களாம். அதனால வெளியே இருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டிட்டு வந்து, கருத்து வேறுபட்டாலும் கண்ணியமா பேசறது எப்படின்னு வகுப்பு எடுத்தாங்களாம். இவ அதைக் கத்துக்கிட்டு வந்து, ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் கூடத்துல எதிரும் புதிருமா உட்கார வச்சா.

"எதிர்ல இருக்கிறவங்களைக் குத்தம் சொல்லக் கூடாது. எனக்கு இப்படித் தோணுதுன்னு ஆரம்பிக்கணும். அவங்க சொல்றதை மதிக்கிறேன்னு சொல்லணும். அப்பா, நீங்க முதல்ல."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க தலைவர் ஒரு திருடர்னு எனக்குத் தோணுது."

எங்க வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "உங்களுக்கு அப்படித் தோணுறதை நான் மதிக்கிறேன். உங்களுக்கு மூளையே இல்லைன்னு எனக்குத் தோணுது."

"அந்தத் தோணலுக்கு நன்றிங்க."

"பரவாயில்லைங்க."

"பாருங்க, யாரும் கத்தலை"ன்னு அக்கா பொண்ணு பூரிச்சுப்போயிட்டா. அக்கா என்னைப் பார்த்தா, நான் அக்காவைப் பார்த்தேன். எங்க தெரு நாய்ங்க இதைவிட ஒழுங்கா நடந்துக்கும். குரைக்கும், கடிக்கும், அப்புறம் ஒரே நிழல்ல போய்ப் படுத்துக்கும். இவங்க ரெண்டு பேரும் நன்றி சொல்லிட்டு ஆளுக்கொரு கதவு வழியா எழுந்து போயிட்டாங்க.

வியாபாரம் மட்டும் அமோகமா நடந்துச்சு. ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாங்க, கண்ணாடிக் கடைக்காரனுக்கு அதைவிடக் கொண்டாட்டம். நீலக்காரங்க மஞ்சள் வீட்டு ஜன்னலை உடைச்சாங்க, மஞ்சள்காரங்க நீலக் கடைக் கதவை உடைச்சாங்க. ஒரு பல் டாக்டர், தன் வாசல் கண்ணாடியை எதிர்க்கட்சிக்காரங்கதான் உடைச்சாங்கன்னு என்கிட்ட அரை மணி நேரம் பேசினார். அவர் பையன் என்னைத் தனியா கூப்பிட்டு, அப்பாவே வெற்றி ஊர்வலத்துல கொடிக்கம்பைத் திருப்பும்போது இடிச்சுட்டார்னு சொன்னான்.

அப்போதான் அந்தப் பெரிய ஆர்டர் வந்துச்சு. எங்க பகுதியில ஜெயிச்ச நீலக் கட்சிக்காரரோட அலுவலகம், மாடியில. அவர் பேரும் வேண்டாம், ஜெயிச்சவர்னே வச்சுக்குவோம். தேர்தல்ல அவர் கொடுத்த வாக்குறுதி வெளிப்படையான நிர்வாகம். அதனால தன்னோட அறைக்கு ஒரு பக்கச் சுவரைக் கண்ணாடியா மாத்தணும்னார். அளவெடுக்க நான்தான் போனேன். அங்கே கட்சி வேலை பார்க்கிற ஒருத்தரை எல்லாரும் மைக்னுதான் கூப்பிடுவாங்க. நேரம் கேட்டாக்கூட கூட்டத்துல பேசற மாதிரிதான் பதில் சொல்லுவார்.

"மக்கள் எங்களைப் பார்க்கணும். எதையும் நாங்க மறைக்கப் போறதில்லை. அதுக்காகத்தான் இந்தக் கண்ணாடி"ன்னார் மைக்.

"சரிங்க"ன்னு எழுதிக்கிட்டேன்.

"உள்பக்கமா அந்த மங்கலான ஸ்டிக்கரை ஒட்டிடுங்க. உள்ளே நடக்கிறது வெளியே தெரியக் கூடாது."

"அப்போ சுவரே இருக்கட்டுமேங்க."

"சுவரா இருந்தா அது வெளிப்படையா இருக்காதேம்மா"ன்னார். அதையும் எழுதிக்கிட்டேன்.

எங்க வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியலை. சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டார். கண்ணாடி தூக்கப் போற மனுஷன் சட்டையைத் தேய்ச்சுப் போட்டது அன்னைக்குத்தான். மாமாகிட்ட தயங்கித் தயங்கிக் கேட்டேன், வருவீங்களான்னு. "தொழில் வேற, ஓட்டு வேறம்மா. கையில இருக்கிற கடைசி வேலை இதுதான், முடிச்சுக் கொடுத்துட்டா என் கணக்குத் தீர்ந்துச்சு"ன்னார். கடைசி வேலைங்கற வார்த்தையைக் கேட்டதும் எங்க வீட்டுக்காரர் சட்டைக் காலரைச் சரிபண்ற மாதிரி திரும்பிக்கிட்டார்.

போனோம். வாசலெல்லாம் நீலக் கொடி. மாடிப்படி ஒடுக்கம், நடுவுல ஒரு வளைவு வேற. படிக்கட்டோட மேல்பாதியில கட்சிக்காரங்க சுவரோட ஒட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்க நின்னாங்க. நாங்க கொண்டுபோனது கெட்டிக் கண்ணாடி, ரெண்டு ஆள் கனம் கனக்கும். மாமா முன்னாடி பிடிச்சார், எங்க வீட்டுக்காரர் பின்னாடி. நான் வழக்கம்போல நடுவுல நுழையப் போனேன். மைக் கையைக் குறுக்கே நீட்டி, "நீங்க கீழேயே நில்லுங்கம்மா, இடமில்லை"ன்னுட்டார்.

ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் என்ன பண்ணுவேன்? சொந்த வாயைத் திறங்கய்யான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

மாமா தொண்டையைக் கனைச்சார். "படி."

"படி"ன்னார் எங்க வீட்டுக்காரர்.

மாமா ஒரு காலை எடுத்து வச்சார். "படி." "படி." அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு. ரெண்டு பேரும் பழையபடி ஒரே தாளத்துல ஏறினாங்க. "வளைவு." "வளைவு." வளைவுல சுவர் மேல ஜெயிச்சவரோட படம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்துச்சு. கீழே கொட்டை எழுத்துல, "சொன்னதைச் செய்தோம்." பதவி ஏத்து இன்னும் நாற்காலி சூடாகலை.

மாமா அதைப் பார்த்தார். தனக்குள்ளதான் சொல்லிக்கிட்டார், ஆனா தூக்கும்போது வர்ற அதே குரல்ல வந்துடுச்சு. "பொய்யன்."

பின்னாடி இருந்து எங்க வீட்டுக்காரர் கணீர்னு சொன்னார். "பொய்யன்."

மாமா காலை எடுத்து வச்சார்.

சுவரோட நின்ன கட்சிக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. தான் என்ன சொன்னோம்னு எங்க வீட்டுக்காரருக்கு அப்போதான் உறைச்சுது, காது செவந்துபோச்சு. மாமா முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுது, அந்த மனுஷனுக்குப் பழைய குறும்பு தலைதூக்கிடுச்சுன்னு.

"வடிகட்டின பொய்யன்"னார் மாமா.

எங்க வீட்டுக்காரர் வாயை இறுக்கி மூடிக்கிட்டார். மாமா நின்னுட்டார். மேலே ஏறும்போது பாரம் பூரா கீழே இருக்கிறவர் கையிலதான் இறங்கும். கழுத்து நரம்பு புடைச்சுது, கை நடுங்குச்சு. ஆனா சட்டம் சட்டம்தானே, திருப்பிச் சொல்லாம கால் நகராது. "வடிகட்டின பொய்யன்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னார். மாமா ஒரு படி ஏறினார்.

"இவனுக்கு ஓட்டுப் போட்டவன் முட்டாள்."

"டேய்"னார் எங்க வீட்டுக்காரர்.

டேய். எத்தனை நாளைக்கப்புறம். அந்த நேரத்துலயும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"நான் அதைச் சொல்லலை"ன்னார் மாமா, திரும்பிப் பார்க்காமலே. "சொன்னதைச் சொல்லு."

"இவனுக்கு ஓட்டுப் போட்டவன் முட்டாள்"னு எங்க வீட்டுக்காரர் தேய்ச்ச சட்டை நனைய நனையச் சொன்னார்.

அதுக்குள்ள மேலே கதவு திறந்து மைக் வந்து நின்னார். எப்போ பின்பக்கப் படி வழியா ஏறிப் போனாரோ தெரியலை. "யாருய்யா அது, நம்ம அலுவலகத்துலயே நின்னுக்கிட்டு நம்ம தலைவரைப் பேசறது? நீயா? நீ நம்ம ஆளுதானேய்யா?"

எங்க வீட்டுக்காரர் கண்ணாடிக்குப் பின்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டார். பாவம், அந்த அலுவலகத்துல காலடி வைக்கணும்னு எத்தனை கனவு கண்டிருப்பார். இப்படி நிப்போம்னு நினைச்சிருக்க மாட்டார்.

மாமாதான் பதில் சொன்னார். "சொன்னது நான். அவன் திருப்பித்தான் சொன்னான். கண்ணாடி தூக்கும்போது எங்க தொழில் அப்படி. அவன் உங்க ஆளுதான், அதுல சந்தேகமே வேண்டாம். அவனை விட்டுடுங்க."

அவன். அவர் இல்லை, அவன்.

மைக்குக்குப் பின்னாடியே ஜெயிச்சவரும் வந்தார். சுவர்ல இருக்கிற அதே சிரிப்பு, துளிகூட மாறலை. "மாற்றுக் கருத்தை நாம எப்பவுமே வரவேற்கிறோம். ஜனநாயகத்துக்கு அதுதான் அழகு"ன்னார். அப்படியே சிரிச்சுக்கிட்டே மைக் பக்கம் திரும்பி, "இவனை வெளியே அனுப்பு"ன்னார். கண்ணியம்னா என்னன்னு அக்கா பொண்ணு இவர்கிட்ட வந்து கத்துக்கலாம்.

மைக் மாமாவைப் பார்த்து விரலை நீட்டினார். "உங்களை மாதிரி ஆளுங்களை உள்ளே விட்டதே தப்பு. கண்ணாடியை விட்டுட்டு நீ கிளம்பு. உன் முனையை எங்க ஆளுங்க பிடிச்சுக்குவாங்க. நம்ம சகோதரர் மட்டும் இருந்து வேலையை முடிச்சுட்டு வரட்டும்."

நான் கீழே இருந்து எட்டி, கண்ணாடியில தெரிஞ்ச எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டு நின்னார். உங்களை மாதிரி ஆளுங்க. தான் பொதுவா எழுதின வரி, எழுத்துப் பிசகாம வேற ஒருத்தன் வாயிலேர்ந்து வருது, எதிர்ல மாமாவோட முதுகு. அந்த முதுகு லேசா கூனிப்போனதை நானே பார்த்தேன், அவர் பார்த்திருக்க மாட்டாரா?

"ஆளுங்க இல்லைங்க"ன்னார். "ஒருத்தன்தான். என் சகலை."

"என்ன?"ன்னார் மைக்.

"அவன் போனா கண்ணாடியும் போகும்."

"யோசிச்சுப் பேசு. யார் முன்னாடி நிக்கறேன்னு தெரியுதா?"

"யோசிக்க நேரமில்லைங்க, கை வலிக்குது"ன்னார் எங்க வீட்டுக்காரர். அப்புறம் மாமாவைப் பார்த்து, "டேய், இறங்கறேன்டா. படி"ன்னார்.

கொஞ்சம் தாமதமா மேலே இருந்து வந்துச்சு. "படி."

இறங்கும்போது எல்லாம் தலைகீழ். வழி சொல்றவர் எங்க வீட்டுக்காரர், திருப்பிச் சொல்ல வேண்டியவர் மாமா. கட்சிக்காரங்க ஏதேதோ கத்தினாங்க, ஆனா ஒருத்தரும் கிட்ட வரலை. கண்ணாடி உடைஞ்சா யார் காலு போகும்னு எல்லாருக்கும் தெரியும். வீரமெல்லாம் அடுத்தவன் காலு வரைக்கும்தான். "படி." "படி." வளைவு வந்துச்சு. "வளைவு." "வளைவு."

வளைவுல எங்க வீட்டுக்காரர் நின்னார். அந்தப் படத்துக்குக் கீழேயே நின்னார்.

"அன்னைக்கு நான் எழுதினது தப்பு."

மாமா வாயைத் திறக்கலை. திருப்பிச் சொல்லாம இவர் கால் எடுக்க முடியாது. பாரம் இவர் கையிலதான். வேர்வை மூக்கு நுனியில வந்து நின்னு சொட்டுச்சு. சொல்லித் தொலைங்களேன் மாமான்னு கத்தணும்போல இருந்துச்சு எனக்கு. நான் கத்தலை. அது என் வாய் வேலை இல்லை.

"அன்னைக்கு," மாமா ஆரம்பிச்சு நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார். "அன்னைக்கு நீ எழுதினது தப்பு."

"படி."

"படி. டேய், அதை இன்னொரு தடவை சொல்லு, காதுல சரியா விழலை."

"அன்னைக்கு நான் எழுதினது தப்புடா."

"அன்னைக்கு நீ எழுதினது தப்புடா."

தரை வர்ற வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் சொல்ல வச்சார் மனுஷன்.

கண்ணாடியைக் கடைக்கே கொண்டுவந்து சுவர்ல சாய்ச்சு வச்சோம். அளவுக்கு வெட்டிச் சூளையில வாட்டின ரகம், மறுபடி வெட்ட முடியாது, கோடு போட்டாலே பொடிப்பொடியா போயிடும். வெளிப்படையான நிர்வாகத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு கேட்டேன். மாமா அதைத் தட்டிப் பார்த்தார். "கால் அடிச்சா சாப்பாட்டு மேஜை ஆகும். ஆனா ஒரு வீட்டுக்கு இது பெரிசும்மா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். போறேன்னும் சொல்லலை, இருக்கேன்னும் சொல்லலை. கையில இருந்த வேலையும் அன்னைக்கோட முடிஞ்சுபோச்சு. கையைக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிட்டார்.

மிச்சமிருந்த நாள்ல மாமா கடைப் பக்கம் வரலை. அக்காவைக் கேட்டேன். "அந்த வீட்டுச் சாவி வந்துடுச்சுடி. ஆணியில மாட்டி வச்சுட்டு அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார்"னா. எங்க வீட்டுக்காரரைக் கீழே போய்ப் பேசச் சொன்னேன். "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். இனிமே அவன் முறை"ன்னார். ஆனா போன்ல தலைவர் படத்தை எடுத்துட்டார். அந்த இடத்துல தன்னோட படத்தை வச்சிருக்கலாம். கண்ணாடி வெட்டுற மேஜையோட படத்தை வச்சிருந்தார்.

மாசம் பிறந்துச்சு. முதல் நாள் காலையில எங்க வீட்டுக்காரர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே போய்க் கடையைத் திறந்தார். தொடைச்ச கண்ணாடியையே தொடைச்சுக்கிட்டிருந்தார். நான் ஒரு ஜன்னல் கண்ணாடியை மேஜையில போட்டு, அளவுகோலை வச்சு, கோடு போடாம நின்னுக்கிட்டிருந்தேன். வணக்கம்னு சொல்லிக்கிட்டு வந்தா எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அக்காவும் போயிடுவா. அந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டாம்னு நினைச்சுக்கிட்டேன்.

வாசல்ல நிழல் விழுந்துச்சு. மாமா நின்னார். உள்ளே வரலை. எங்க வீட்டுக்காரர் துணியைக் கையில பிடிச்சபடியே நிமிர்ந்தார்.

"வாடா தடியா"ன்னார் மாமா. கடைக்கு வெளியே நின்னுக்கிட்டு உள்ளே இருக்கிறவரை வாடாங்கறார்.

எங்க வீட்டுக்காரர் துணியைத் தோள்ல போட்டுக்கிட்டார்.

"வாடா தடியா"ன்னார்.

அந்தச் சத்தம் காதுல விழுந்தப்புறம்தான் மாமா காலை எடுத்து உள்ளே வச்சார்.